பள்ளிக்கூட வாசலிலிருந்து: ஒரு நாள் கேளிக்கை, ஒரு வருடச் சேமிப்பு

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் தோட்டத்தில் தாய்மார்கள் என்னை வழிமறித்துக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “டீச்சர், இந்த வருசமாவது பிள்ளைங்கள தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். எங்க போறது? என்ன செய்யுறது?”

நல்ல கேள்வி. நம் பாட்டன் காலத்திலும் இந்த ஆசை இருந்தது. சிங்கப்பூரில் 1923-இல் தொடங்கிய நியூ வோர்ல்ட், கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கில் இருந்த பிபி பார்க் ஆகியவற்றுக்குச் சம்பளம் போட்ட கையோடு லாரி ஏறிப் போன கதைகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அங்கே ராட்டினம் இருந்தது, கூத்து இருந்தது, கச்சான் பொட்டலமும் இருந்தது. கையில் உள்ள காசுக்கு ஏற்ப ஆடிவிட்டு வரலாம். இன்றைய கேளிக்கைப் பூங்கா அப்படியல்ல. வாசலிலேயே முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். அதன் பிறகு நீங்கள் 20 சவாரி ஏறினாலும் அதே காசுதான். 3 சவாரி ஏறிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தாலும் அதே காசுதான். ஆகவே, அங்கே நாளை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் நம் காசின் மதிப்பு அடங்கியிருக்கிறது.

எந்தப் பூங்கா?

முதலில் வீட்டில் உள்ள பிள்ளைகளின் வயதைப் பாருங்கள். பிறகு பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சிலாங்கூரில் உள்ள சன்வே லகூன் 1993-இல் திறக்கப்பட்டது. அந்த இடம் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமாக இருந்து கைவிடப்பட்ட பள்ளம். இன்று அங்கே அலைக்குளமும் நீர்ச்சறுக்குகளும் 428 மீட்டர் நீளமுள்ள தொங்கு பாலமும் இருக்கின்றன. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் தண்ணீரில் ஆட ஆசைப்படுகிற குடும்பங்களும் அங்கே நன்றாகப் பொழுதைக் கழிக்கலாம். ஜொகூரில் உள்ள லெகோலேண்ட் 2012-இல் திறக்கப்பட்டது. அது 2 வயதிலிருந்து 12 வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. பதினாறு வயது அண்ணனை அங்கே அழைத்துப் போனால் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான். கெந்திங் மலையில் 2022-இல் திறக்கப்பட்ட ஸ்கைவோர்ல்ட்ஸ் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரும் பனிமூட்டமும் மழையும் அங்கே சாதாரணம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கம்பளிச் சட்டை இல்லாமல் போகக்கூடாது. ஈப்போவுக்கு அருகில் தம்பூனில் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே உள்ள பூங்காவில் இயற்கை வெந்நீர் ஊற்று இருப்பதால், முழங்கால் வலிக்கும் பாட்டிக்கும் அங்கே ஒரு வேலை உண்டு. பினாங்கு தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப் பூங்கா மரம் ஏறுகிற, கயிற்றில் நடக்கிற பிள்ளைகளுக்கு ஏற்றது. 2019-இல் திறக்கப்பட்ட அதன் நீர்ச்சறுக்கு 1,111 மீட்டர் நீளம். தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே பட்டணத்துப் பிள்ளைகளைத் தோற்கடித்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

காசைக் காலமாக மாற்றிப் பாருங்கள்

பூங்காவுக்குப் பூங்கா கட்டணம் வேறுபடும். பருவத்துக்குப் பருவமும் மாறும். எனவே ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று நுழைவுச் சீட்டு, வேன் பங்கு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 600 வெள்ளி செலவழிக்கிறது என்போம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அப்படியானால் அந்த 600 வெள்ளி ஒரு தொழிலாளியின் ஒன்பது நாள் உழைப்பு. ஒன்பது காலை இருட்டில் எழுந்து, ஒன்பது நாள் வெயிலில் காய்ந்து சம்பாதித்த காசு.

பல பூங்காக்கள் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகின்றன. அது 8 மணி நேரம். 600-ஐ எட்டால் வகுத்தால் ஒரு மணிக்கு 75 வெள்ளி. தாமதமாகப் போய் வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் 75 வெள்ளி போயிற்று. சாப்பாட்டுக் கடையில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றால் இன்னொரு 75. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற யோசனைகள் எல்லாம் தாமாகவே புரியும்.

சீட்டை முன்கூட்டியே பூங்காவின் சொந்த இணையத்தளத்தில் வாங்கினால் பல நேரங்களில் விலை குறைவு. வாசலில் சீட்டுக்காக நிற்கவும் வேண்டாம். அது செய்யத் தெரியாவிட்டால் படிவம் ஒன்றிலோ இரண்டிலோ படிக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆனால் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் “பாதி விலைக்கு டிக்கெட்” என்று வருகிற செய்திகளை நம்பி யாருக்கும் காசு அனுப்பாதீர்கள். மலேசியர்களுக்குப் பல பூங்காக்களில் சலுகைக் கட்டணம் உண்டு. அதற்கு அடையாளக் கார்டைக் காட்ட வேண்டும். பிள்ளைகளின் மைகிட் கார்டு அலமாரியில் தூங்கினால் சலுகையும் தூங்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் பல இடங்களில் கட்டணம் குறைவு. தாத்தாவின் கார்டையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள்?

விடுமுறையின் முதல் சனி, ஞாயிறு வேண்டாம். தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாளை ஒட்டிய நாட்களும் வேண்டாம். ஜூன் மாதத்தில் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் ஜொகூர்ப் பக்கம் கூட்டம் அதிகம். பள்ளி விடுமுறைக்குள் வருகிற செவ்வாய், புதன், வியாழனே நமக்கு உகந்தவை. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வார ஓய்வு வெள்ளியும் சனியும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். சில பூங்காக்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

“வேலை நாளில் எப்படி டீச்சர் போவது, சம்பளம் போகுமே?” என்று கேட்பீர்கள். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஓராண்டு வேலை செய்த தொழிலாளிக்குச் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். இந்த விடுப்பைக் கல்யாணம், கருமாதிக்கு மட்டுமே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிள்ளைகளின் சந்தோஷத்துக்கும் ஒரு நாள் எடுக்கலாம். ஒரு மாதம் முன்னதாகவே ஆபீசில் கிராணியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் போய் நின்றால் “ஆள் இல்லை” என்ற பதில்தான் வரும்.

விடியற்காலை நம் சொத்து

இந்த ஒரு விஷயத்தில் தோட்ட மக்களை யாரும் மிஞ்ச முடியாது. பால் வெட்டப் போனவர்களுக்கும் பிரட்டுக்குப் போகிறவர்களுக்கும் நான்கரை மணிக்கு எழுவது பழக்கம். பட்டணத்து மக்கள் விடுமுறை நாளில் எட்டு மணிக்குக் கண் விழித்து, பசியாறி, பதினொன்றரை மணிக்குப் பூங்காவில் வந்து இறங்குகிறார்கள். ஆகவே 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை நெரிசல் உச்சத்தில் இருக்கும். 9.30-க்கு வாசலில் நிற்கிற குடும்பம், முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுகிற சவாரிகளை நண்பகலில் மூன்று மணி நேரம் நின்றாலும் ஏறிவிட முடியாது.

கதவு திறந்ததும் எல்லாரும் வாசலுக்கு அருகிலுள்ள முதல் சவாரியை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். நேராகப் பூங்காவின் கடைசி மூலைக்கு நடந்து போங்கள். அங்கே பெரிய சவாரிகள் காலியாக இருக்கும். அங்கிருந்து வாசலை நோக்கித் திரும்பி வாருங்கள். கூட்டம் உள்ளே போகும்போது நீங்கள் வெளியே வருவீர்கள். நடுப்பகலில் கூரைக்குக் கீழே நடக்கிற காட்சிகளைப் பாருங்கள். நான்கு மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பத் தொடங்கும். அப்போது மீண்டும் வரிசைகள் சுருங்கும். பிள்ளை மறுபடியும் ஏற ஆசைப்பட்ட சவாரியை அந்த நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

வரிசைக் கணக்கு

வரிசையின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். அது நகரும் வேகத்தைப் பாருங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்குதான் இது.

ஒரு ராட்டினத்தில் 12 பேர் ஏறலாம். ஏறி, சுற்றி, இறங்க 4 நிமிடம் ஆகிறது. ஒரு மணிக்கு 15 சுற்று, 180 பேர். உங்கள் முன்னால் 90 பேர் நின்றால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு சவாரி. அதில் 24 பேர் ஏறலாம். 3 நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்புகிறது. ஒரு மணிக்கு 20 சுற்று, 480 பேர். அங்கே 120 பேர் நின்றாலும் கால் மணி நேரத்தில் உங்கள் முறை வந்துவிடும். குட்டை வரிசை என்று நினைத்து முதலாவதில் நிற்பவர்தான் அதிகம் காத்திருப்பார்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். ஒருவன் தலையை எண்ணட்டும், ஒருத்தி கடிகாரத்தைப் பார்க்கட்டும். அழுது நச்சரிக்கும் நேரம் படிப்பாக மாறும். பெருக்கல் வாய்ப்பாடு எதற்கு உதவும் என்று வகுப்பில் என்னைக் கேட்கிற மாணவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சில பூங்காக்களில் வரிசையைத் தாண்டிப் போகக் கூடுதல் காசுக்கு விரைவுச் சீட்டு விற்பார்கள். வாரநாளில் விடியற்காலையே கிளம்பிய குடும்பத்துக்கு அது வேண்டியதில்லை. அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு வயிறார வாங்கிக் கொடுங்கள்.

உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

பெரிய சவாரிகளின் வாசலில் அளவுகோல் நிற்கும். 120 சென்டிமீட்டர், 130, 140 என்று சவாரிக்குச் சவாரி மாறும். அந்த அளவுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஏற்றமாட்டார்கள். ஒரு மணி நேரம் நின்று, ஏறப் போகும் நேரத்தில் “நீ போக முடியாது” என்று சொன்னால் பிஞ்சு மனம் என்ன பாடுபடும்! வீட்டிலேயே கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, செருப்பில்லாமல் அளந்து, பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். பூங்காவின் இணையத்தளத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் உள்ள அளவைப் பார்த்து, “இது உனக்கு, இது அண்ணனுக்கு” என்று முதல் நாள் இரவே பேசி முடித்துவிடுங்கள்.

சில அப்பாமார் பிள்ளையின் செருப்புக்குள் காகிதம் மடித்து வைப்பதையும், “குதிகாலைத் தூக்கி நில்லுடா” என்று காதோடு சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். அருள்கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். உடம்பை இருக்கையோடு பிடித்து வைக்கிற கம்பி, குறிப்பிட்ட உயரமும் பருமனும் உள்ள உடலுக்காகச் செய்யப்பட்டது. சின்ன உடம்பு அதன் அடியில் நழுவிவிடும். இரண்டு சென்டிமீட்டருக்காகப் பிள்ளையைப் பணயம் வைக்கலாமா?

கைக்குழந்தை உள்ள பெற்றோர் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அப்பா ஏறும்போது அம்மா குழந்தையை வைத்திருந்து, பிறகு மீண்டும் வரிசையில் நிற்காமல் அம்மா ஏற, சில பூங்காக்களில் அனுமதிக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். நம்மவர்கள் கேட்கக் கூச்சப்பட்டே பல சலுகைகளை இழக்கிறார்கள்.

கட்டுச்சோறு

பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே உள்ளே போவதற்கு முன், வேனிலேயோ வெளியே நிழலிலேயோ எல்லாரும் வயிறு நிறையப் பசியாறிவிடுங்கள். வெளியே போய்த் திரும்பி வர அனுமதி உண்டா, கையில் முத்திரை குத்துவார்களா என்று நுழையும்போதே கேளுங்கள். உண்டு என்றால் மதியச் சாப்பாட்டையும் வெளியே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் என்ன கட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை. தேங்காய்ப்பால் சேர்த்த சோறும் குழம்பும் வேன் சூட்டில் விரைவில் கெட்டுவிடும். விடியற்காலையில் வாங்கிய நாசி லெமாக்கை மதியத்துக்கு வைத்திருக்காதீர்கள். காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கோழிக்குழம்பும் வேண்டாம். நம் பாட்டிமார் கோயில் பயணத்துக்குக் கட்டிய புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும்தான் இதற்கு ஏற்றவை. புளிப்பும் நல்லெண்ணெயும் சோற்றைக் காக்கும். உள்ளே வாங்கித்தான் சாப்பிட வேண்டும் என்றால் 11.15-க்கே சாப்பிடுங்கள், அல்லது 2.30-க்குப் பிறகு சாப்பிடுங்கள். நடுவில் போனால் வரிசைதான்.

நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு மாத்திரை, ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு தொப்பி. இவற்றை மறக்கக்கூடாது.

பைக்குக் காவல் அம்மாவா?

இப்போது நான் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கிய விஷயம். குடும்பத் தலைவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டுகிறேன்.

எந்த நீர்ப் பூங்காவுக்கும் போய்ப் பாருங்கள். மரத்தடிகளில் எல்லாம் நம் தாய்மார்கள் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஈரத்துண்டு, பக்கத்தில் ஆறு பை, நான்கு ஜோடிச் செருப்பு, எல்லாருடைய கைப்பேசி. காலை மூன்று மணிக்கு எழுந்து சோறு கட்டியவர் அவர்தான். சீட்டுத் தொகையில் மிச்சம் பிடித்து இந்தப் பயணத்துக்குக் காசு சேர்த்தவரும் பல வீடுகளில் அவர்தான். அவருக்கும் முழுக் கட்டணம் கட்டித்தான் உள்ளே அழைத்து வந்திருக்கிறீர்கள். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் பையும் செருப்பும்.

“நீங்க போங்க, எனக்கு வேணாம்” என்று அவர் சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, உடை. சேலையோடும் பருத்திச் சட்டையோடும் ஜீன்சோடும் நீர்ச்சறுக்கில் விடமாட்டார்கள். துணி சிக்கிக்கொள்ளும், ஈரத்தில் கனத்துவிடும். நீச்சலுக்கான துணியில் உடம்பை முழுக்க மூடும் நீளக் கால்சட்டையும் நீளக்கைச் சட்டையும் பசார் மாலாமிலேயே கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு வாங்கும்போது அம்மாவுக்கும் ஒன்று வாங்குங்கள். கூச்சம் பாதி குறைந்துவிடும்.

மற்றொன்று, பை. அதற்கு வாடகைப் பெட்டி உண்டு. வாடகை கொடுக்க மனமில்லை என்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அரை மணி, அக்கா அரை மணி, மாமா அரை மணி. பிரட்டில் மண்டோர் பேர் வாசித்து வேலை பிரித்துக் கொடுப்பதில்லையா? அதுபோல வேனில் போகும்போதே பேர் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

விடுமுறை முடிந்ததும் நான் எப்போதும் பிள்ளைகளை ஒரு கட்டுரை எழுதச் சொல்வேன். பல ஆண்டுகளாகப் படித்துப் பார்த்ததில் ஒன்றைக் கண்டேன். எந்தச் சவாரி எவ்வளவு உயரம் என்று எழுதுகிற பிள்ளைகள் குறைவு. “அம்மா கத்தினார்”, “அம்மா தண்ணீரில் விழுந்து சிரித்தார்”, “எங்கள் அம்மா சிரித்ததை அன்றுதான் அவ்வளவு நேரம் பார்த்தேன்” என்று எழுதுகிற பிள்ளைகளே அதிகம். அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியது ஒரு நான்காம் ஆண்டு மாணவி. அதில் திருத்துவதற்கு எனக்குப் பிழை எதுவும் கிடைக்கவில்லை.

தண்ணீரும் கூட்டமும்

தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்கு முறையாக நீச்சல் தெரியாது. அலைக்குளத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று நினைக்கும்போது அலை வந்து நெஞ்சைத் தொடும். நீரில் மூழ்குகிற பிள்ளை கத்தாது. கையை ஆட்டிக் கூப்பிடவும் அதற்கு முடியாது. ஓசையில்லாமல் போய்விடும். எனவே சின்னப் பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு காவல் இருப்பது காவலே அல்ல. மிதவைச் சட்டை கொடுக்கும் இடத்தில் வாங்கி மாட்டிவிடுங்கள். காவலர் இருக்கிறாரே என்று அசந்துவிடாதீர்கள். அவருக்கு நூறு பிள்ளைகள், உங்களுக்கு ஒன்றோ இரண்டோதான்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் என்ன செய்வது? காலையில் வேனில் ஏறியதும் ஒவ்வொரு பிள்ளையையும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அன்று போட்டிருக்கும் சட்டை நிறம் அதில் இருக்கும். தொலைபேசி எண்ணை உட்கையில் பேனாவால் எழுதி, மேலே ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள், தண்ணீரில் அழியாது. எல்லாரும் சந்திக்க ஓரிடம் குறித்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால் வாசலைத் தாண்டக்கூடாது, சீருடை போட்ட ஊழியரிடம் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று. “உன் அப்பா பேர் என்ன?” என்று கேட்டால் “அப்பா” என்று சொல்லும் பிள்ளைகளை நான் முதலாம் ஆண்டில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் எல்லாரும் கூப்பிடும் பட்டப்பெயரைச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. ஒலிபெருக்கியில் அதைச் சொன்னால் யாருக்குத் தெரியும்? அப்பா, அம்மாவின் முழுப்பெயரைப் பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள். “தோலோங், சாயா செசாட்” என்ற மூன்று மலாய்ச் சொற்களையும் சொல்லிக் கொடுங்கள். உதவுங்கள், வழி தவறிவிட்டேன் என்று பொருள்.

மழையும் திரும்பும் வழியும்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக்கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் வெளியே உள்ள சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். இடி கேட்டதும் தண்ணீரை விட்டு வெளியேறிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். மழை வந்ததும் பாதிக் கூட்டம் வீட்டுக்குக் கிளம்பிவிடும். நீங்கள் பொறுமையாகக் கூரைக்கடியில் இருங்கள். மழை விட்டதும் பூங்கா உங்களுடையது.

திரும்பும் பயணத்தில் ஓட்டுநரை மறவாதீர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வேனை எடுத்தவர், பகலெல்லாம் உங்களோடு தண்ணீரில் ஆடிவிட்டு இரவு ஓட்டினால் அவருக்குக் கண் சொருகும். நண்பகலில் இரண்டு மணி நேரமாவது அவரைத் தூங்கச் சொல்லுங்கள். வழியில் ஓய்விடத்தில் நிறுத்தி ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். முன் இருக்கையில் விழித்திருந்து பேச்சுக் கொடுக்க ஒருவர் உட்காரட்டும். பத்து மணிக்கு வர வேண்டிய வேன் பதினோரு மணிக்கு வந்தால் நட்டம் ஒன்றுமில்லை.

ஒரு காலி இருக்கை

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிச் சுற்றுலா புறப்பட்ட காலையில் ஒரு மாணவி வரவில்லை. காய்ச்சல் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். மறுநாள் அவளுடைய தாயாரைக் கண்டபோது காய்ச்சலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பணம் கட்டச் சொன்ன கடிதத்தைப் பிள்ளை வீட்டில் காட்டவே இல்லை. கணவரை இழந்து ஒரு சம்பளத்தில் நான்கு பிள்ளைகளை வளர்க்கும் தாயிடம் அதைக் காட்ட வேண்டாம் என்று பத்து வயதுப் பெண் தானாகவே முடிவு செய்திருக்கிறாள்.

அதன் பிறகு எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. சுற்றுலாவுக்கு ஆறு மாதம் முன்பே மாதந்தோறும் சிறுகச் சிறுகக் காசு கட்டலாம். வசதி உள்ளவர்கள் இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி கூட்டிக் கட்டுவார்கள். அந்தக் கூடுதல் தொகை யாருக்குப் போகிறது என்பது தலைமையாசிரியருக்கும் பொருளாளருக்கும் மட்டுமே தெரியும். எந்தப் பிள்ளையின் பெயரும் வகுப்பில் வாசிக்கப்படுவதில்லை. எல்லாருக்கும் ஒரே நிறச் சீட்டு.

இதையே குடும்பங்களும் செய்யலாம். ஒரு வேனில் பதினான்கு பேர் போகலாம் என்றால் பதின்மூன்று பேரோடு கிளம்பாதீர்கள். பக்கத்து வீட்டில், எதிர்வரிசையில், ஒரு பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து உங்கள் வேனைப் பார்த்துக்கொண்டிருக்கும். வேன் வாடகை கூடப் போவதில்லை. ஒரு பிள்ளைச் சீட்டுதான் செலவு. அதை ஐந்து குடும்பம் பகிர்ந்தால் ஆளுக்குச் சில வெள்ளி. கொடுக்கும்போது, “பாவம், இவளையும் கூட்டிட்டுப் போறோம்” என்று நாலு பேர் காதில் விழச் சொல்லாதீர்கள். “எங்க பிள்ளைக்குத் துணை வேணும்க்கா, உங்க பொண்ண அனுப்புறீங்களா?” என்று கேளுங்கள். அந்தத் தாயும் தலை நிமிர்ந்து அனுப்புவார்.

டிசம்பர் விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் இந்த மாதமே ஒரு டின்னில் துளை போட்டு மூடி வையுங்கள். மாதம் 50 வெள்ளி போட்டால் 12 மாதத்தில் 600. அந்த டின்னை அம்மாவிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்பாவும் போடட்டும், வேலைக்குப் போகும் அண்ணனும் போடட்டும், பிள்ளையும் தன் பத்துக் காசைப் போடட்டும். சேர்ந்து சேர்த்த காசில் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் நெடுநாள் நினைவில் நிற்கும்.